முன்பின் தெரியாதவரோடு மலை ஏறுகிறீர்களா? தலையை எண்ணுங்க!

ஞாயிற்றுக்கிழமை. இன்னும் விடியவில்லை. கூடுவாஞ்சேரி ரயில் நிலைய வாசலில் டீக்கடை பாய்லர் இப்போதுதான் சூடேறுகிறது.

அங்கே ஒருவர், இங்கே ஒருவர். தோளில் பை, காலில் கேன்வாஸ் ஷூ. ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். சிரிக்கலாமா, வேண்டாமா என்று யோசனை!

"சார், மலைக்கா?"

"ஆமா சார். நீங்களும்தானா?"

அவ்வளவுதான்! ஆளுக்கொரு டீ. செங்கல்பட்டு ரயில் வருவதற்குள் சொந்தக்காரர் மாதிரி ஆகி விடுகிறார்கள்.

வாரம் பூராவும் பைலையும் கல்லாப்பெட்டியையும் கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்கு இது ஒரு விடுதலை. ஆபீசர் யார், குமாஸ்தா யார் என்று மலை கேட்பதில்லை. மூச்சு வாங்கினால் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்!

பக்கத்து மலை

பரனூர் தாண்டினால் ஜன்னலில் கொளவாய் ஏரி. செங்கல்பட்டில் இறங்கி பஸ் பிடித்தால் திருக்கழுக்குன்றம். வேதகிரீஸ்வரர் மலைக்கு 565 படிகள். வழி தவற வாய்ப்பே இல்லை. புதிதாக ஏறுகிறவர்களுக்கு நல்ல பழக்கம்.

ஆனால், ஆசை அத்தோடு நிற்குமா? "அடுத்த மாசம் காட்டுப் பக்கம் போலாமா?" என்று இறங்கும்போதே பேச்சு எழும். அங்கேதான் உஷார் தேவை!

குரங்கணி கொடுமை

2018 மார்ச் 11. அதுவும் ஒரு ஞாயிறுதான். தேனி மாவட்டம் போடி அருகே குரங்கணி மலை. சென்னையில் இருந்து ஒரு குழு. ஈரோடு, திருப்பூர் பக்கம் இருந்து இன்னொரு குழு. கொழுக்குமலையில் இருந்து இறங்கும்போது காய்ந்த புல்லில் தீ சூழ்ந்து கொண்டது. காற்றும் சேர்ந்து கொண்டது. ஆளுக்கொரு பக்கம் சிதறி ஓடினார்கள். பள்ளத்தில் விழுந்தவர்களும் உண்டு.

பலியானவர்கள் 23 பேர்!

முதலில் ஓடி வந்தவர்கள் மலை கிராமத்து மக்கள்தான். தீக்காயம் பட்டவர்களைப் போர்வையில் தொட்டில் கட்டித் தூக்கி வந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் பறந்தன.

தண்ணீர் கீழே ஓடும். தீ மேலே ஓடும். அடியில் எரியும் தீயின் அனல், மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய வைத்து விடுகிறது. மேட்டைப் பார்த்து ஓடுகிறவரை அது முந்தி விடும். ஏற்கெனவே எரிந்து ஆறிய இடம், புல் இல்லாத வெறும் பாறை, இவைதான் புகலிடம்.

இப்போது என்ன ஏற்பாடு?

அந்தத் துயரத்துக்குப் பிறகு அரசு விதிகளை இறுக்கியது. 2024 அக்டோபரில் வனத்துறை மூலம் 40 மலையேற்றப் பாதைகள் திறக்கப்பட்டன. முன்பதிவு செய்ய வேண்டும். அந்தந்த ஊர்க்காரர்களே வழிகாட்டிகள். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடியும் விடுகிறார்கள்.

"வண்டலூர் காடு பக்கத்துலதானே இருக்கு" என்று வேலி தாண்டுவதும் கூடாது. காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம்!

வெட்கப்படாமல் கேளுங்கள்

டீ குடிக்கும்போதே நாலு கேள்வி கேட்டு விட வேண்டும். அனுமதிச் சீட்டு யார் கையில்? அது இந்தப் பாதைக்குத்தானா? உள்ளூர் வழிகாட்டி உண்டா? வரிசையில் கடைசி ஆள் யார்?

இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். முன்னால் போகிறவரை எல்லோரும் பார்ப்பார்கள். பின்னால் கால் வலித்து உட்கார்ந்து விட்டவரை யார் பார்ப்பது? நடை தெரிந்த ஒருவர் கடைசியில் வர வேண்டும். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று தலையை எண்ண வேண்டும்.

வீட்டிலும் சொல்லி விட்டுக் கிளம்புங்கள். எந்த மலை, யார் தலைமை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்தால் போதும்.

காலையில் கூடுவாஞ்சேரியில் டீ குடித்தது பன்னிரண்டு பேர் என்றால், திரும்பி வந்து பிளாட்பாரத்தில் இறங்குவதும் பன்னிரண்டு பேராக இருக்க வேண்டும்.

பக்கத்தில் நடக்கிறவர் பேர் தெரியாவிட்டால் பரவாயில்லை, சார். எத்தனை பேர் வந்தோம் என்பது தெரியணும்!