நொதியைத் தடுத்தும் மறதி நிற்காதது ஏன்?

அல்சைமர் நோயாளியின் மூளையில் படியும் அமிலாய்டு பீட்டா, நரம்பணுச் சவ்விலுள்ள ஏபிபி என்ற பெரிய புரதத்திலிருந்து நறுக்கப்படும் துண்டு. முதலில் பீட்டா செக்ரடேஸ் நொதி வெட்டுகிறது, பிறகு காமா செக்ரடேஸ். நொதியைத் தடுத்தால் துண்டும் குறையும், நோயும் தணியும் என்று எதிர்பார்த்தது நியாயமே. அதில் பாதி பலித்தது. பீட்டா நொதியைத் தடுக்கும் வெருபெசெஸ்டாட், மூளைத் தண்டுவட நீரில் அமிலாய்டு பீட்டாவை 60 சதவீதத்துக்கும் மேல் குறைத்தது. ஆனால் நோயாளிகளின் மறதி குறையவே இல்லை. 2017இல் முதல் பெரிய சோதனை நிறுத்தப்பட்டது. காமா நொதியைத் தடுத்த செமகாசெஸ்டாட்டின் கதை இன்னும் வேதனையானது. அதை உட்கொண்டவர்களின் நினைவாற்றல் மேலும் சரிந்தது, தோல் புற்றுநோயும் கூடியது, 2010இல் கைவிட்டார்கள். காமா நொதி, செல் வளர்ச்சிக்கு இன்றியமையாத நாட்ச் புரதத்தையும் வெட்டுகிறது என்பதை இங்கே மறக்கக் கூடாது.

அப்படியானால் அமிலாய்டு கோட்பாடே பிழையா? அவசரப்பட்டு அப்படிச் சொல்ல மாட்டேன். ஐஸ்லாந்து மக்களிடம் 2012இல் கண்டறியப்பட்ட ஒரு மரபணு மாற்றம், அமிலாய்டு உற்பத்தியை ஏறத்தாழ 40 சதவீதம் குறைக்கிறது. அதைப் பெற்றவர்களுக்கு அல்சைமர் அரிதாகவே வருகிறது. அவர்களுக்கு அந்தக் குறைவு பிறவியிலிருந்தே உண்டு. மாத்திரையோ படிவுகள் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்தே வந்தது. முன்கூட்டியே கொடுத்தால் போதுமா என்றால், அதுவும் போதவில்லை: நினைவு தெளிவாக இருந்தவர்களுக்குத் தந்த உமிபெசெஸ்டாட்டும் நினைவாற்றலைப் பாதித்ததால் 2019இல் நிறுத்தப்பட்டது. பீட்டா நொதிக்கு நரம்பணுக்களில் வேறு வேலைகளும் இருப்பதால், அதை அளவுக்கு மீறி முடக்கியதே கேடு என்று கருதுகிறேன். மிகக் குறைந்த அளவில், மிக முன்னதாகத் தருவது இன்னும் சோதிக்கத் தக்க வழி.