ஓலைப் பெட்டியும் ஓர் அழகுப் பொருளே

ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிச் சென்றடையும் சிறு தீவு எழுவைதீவு. பனை வளம் மிக்க நம் தீவகத்தில், வீட்டுக்கு வேண்டிய பொருள்களுட் பல ஒரு காலத்தில் கடையிலிருந்து வந்தவையல்ல. வளவில் நின்ற பனையிலிருந்து வந்தவை. படுக்கப் பாய், புடைக்கச் சுளகு, சுமக்கக் கடகம், பிட்டு அவிக்க நீற்றுப்பெட்டி என ஒவ்வொரு தேவைக்கும் ஓர் ஓலைப் பொருள் இருந்தது.

அவற்றை இழைக்கும் முறையைச் சற்றே நோக்குவோம். முற்றாத சார்வோலையை வெயிலிற் காயவிட்டு, ஈர்க்கு நீக்கி, ஒரே அளவாக வார்ந்துகொள்வர். சில ஓலைகளைச் சாயமிட்ட கொதிநீரில் அவித்து நிறமேற்றுவர். நிற ஓலையும் வெள்ளோலையும் மாறி மாறி வரும்போது கோலம் தானே பிறக்கும். கடகத்தின் விளிம்பைப் பனை நாரினாற் பொத்துவர். பாரம் தாங்குதற்கென இட்ட அந்த நாரே கடகத்துக்கு அணியுமாகின்றது. பயனும் அழகும் இங்கே வெவ்வேறல்ல.

இவ்விரண்டையும் இயந்திர யுகம் பிரித்துவிட்டது என வருந்தியவர் இங்கிலாந்தின் வில்லியம் மொறிஸ். 1851ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சி ஆலைப் பொருள்களின் பெருமையைப் பறைசாற்றிற்று. பத்தாண்டுகளின் பின், 1861இல், மொறிஸ் தம் நண்பர்களுடன் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். மரத்தளபாடம், சுவர்த்தாள், துணி, வண்ணக் கண்ணாடி முதலியவற்றால் இல்லங்களை அழகுசெய்ய முற்பட்டார். எனினும் கைவேலைக்கு நாள் பல வேண்டும். ஆகவே விலையும் உயர்ந்தது. எளியோர் இல்லத்துக்கும் உரியதென அவர் கருதிய அழகு, பெரும்பாலும் செல்வர் மாளிகைகளையே சேர்ந்தது.

அவர் கருத்தை நம் நாட்டுடன் பிணைத்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பிற் பிறந்த அவர், கனிப்பொருள் ஆய்வுக்காக இலங்கைக் கிராமங்களிற் சுற்றியபோது, கம்மாளரும் நெசவாளரும் நலிவதைக் கண்டார். அதன் பயனாக எழுந்ததே 1908இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூல். மொறிஸ் பயன்படுத்திய அதே கையச்சு இயந்திரத்தில், பதினைந்து மாத உழைப்பில், 425 பிரதிகளே அச்சாயின. கைப்பணியைப் போற்றும் நூல் கைப்பணியாகவே பிறந்தது!

இன்று கடகத்தின் இடத்தைப் பிளாஸ்ரிக் கூடை பிடித்துவிட்டது. 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை இத்தொழிலுக்குக் கைகொடுத்து வருகின்றது. ஆயினும் சபை மட்டும் இதனைக் காத்துவிட இயலுமா? ஓலை வார்ந்து, சாயமிட்டு, இழைத்து முடிக்கும் பெண்ணுக்கு அவள் உழைத்த நேரத்துக்கேற்ற கூலி கிட்டாவிடின், அவள் மகள் அத்தொழிலைக் கற்க மாட்டாள். ஒரு தலைமுறை கற்கத் தவறினால், அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க ஆளிராது.

ஆதலின் இல்லத்தரசியரே, ஓலைப் பெட்டி வாங்கும்போது பேரம் பேசுவதைச் சற்றே குறையுங்கள். வாங்கியதைக் கண்ணாடிப் பேழையிற் பூட்டிவைக்காது, நாளாந்தம் பயன்படுத்துங்கள். மாணவர்களே, பாட்டியின் கைகள் ஓய்வதற்கு முன் ஒரு குட்டானையாவது இழைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.