லயத்தில் கேமரா எங்கே நிற்கிறது?

தொலைக்காட்சி நாடகக் காட்சியை விளக்கச் சொன்னால் மாணவர்கள் கதையைத்தான் எழுதிவிடுகிறார்கள். கேமரா எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்.

ஜாசின் பக்கம் ஒரு தோட்ட லயம். வாசலில் அம்மா உட்கார்ந்திருக்கிறார். லயத்தின் மறுமுனையிலிருந்து எடுத்தால் தூண்கள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும். கடைசியில் அம்மா சின்னதாக, தனியாளாகத் தெரிவார். நேரெதிரே தள்ளி நின்று எடுத்தால் பக்கத்து வீட்டுக் கதவும் சட்டகத்துக்குள் வந்துவிடும். இப்போது அவருக்கு அக்கம்பக்கம் உண்டு. வசனம் ஒன்றும் மாறவில்லையே! பழைய 4:3 பெட்டியில் இதற்கு இடம் குறைச்சல். 16:9 திரையில் தாராளம்.

லயத்தையே பார்க்காத பிள்ளைகளுக்கு, 1960களின் தோட்டத்தைக் காட்டும் தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) படத்தில் ஒரு காட்சியைப் போடுங்கள். சத்தத்தை அடைத்துவிட்டு, யார் யாருக்கு நெருக்கம் என்று எழுதச் சொல்லுங்கள்.