அணைக்கச் சொல்லியும் அணையாத மடிக்கணினி

நெசவாளர் கூலிக் கணக்கும் விவசாயிகளின் கொள்முதல் பதிவும் இன்று நமது சங்கங்கள் பலவற்றில் மடிக்கணினியிலேயே எழுதப்படுகின்றன. மாலையில் கணக்கை முடித்து, அணைக்கும்படி ஆணையிட்ட பின்னரும், திரை மட்டும் இருண்டு, விளக்கு எரிந்துகொண்டும் விசிறி சுழன்றுகொண்டும் இருப்பதைக் கணக்கர்கள் சிலர் கண்டிருப்பர். இதனைச் சிறு குறையென எண்ணி, அப்படியே பையிலிட்டுச் செல்லுதல் தகாது. மூடிய பைக்குள் வெப்பம் வெளியேற வழியில்லை, கருவி சூடேறும், மின்கலத்தின் ஆயுளும் குறையும். ஆகவே இக்குறை நேரும் விதத்தையும் நீக்கும் வழியையும் ஈண்டு விளக்க விரும்புகின்றோம்.

அணைத்தல் என்பது ஒரே செயலன்று. அதற்கு மூன்று படிகள் உண்டு. முதலில், திறந்திருக்கும் செயலிகள் மூடப்படும். அடுத்து, நினைவகத்தில் நிற்கும் விவரங்கள் வட்டில் பதியப்படும். இறுதியாக, மின்சாரத்தை நிறுத்துமாறு தாய்ப்பலகைக்குக் கட்டளை செல்லும். இக்கட்டளைக்கான பொது முறையை இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1996-இல் வெளியிட்டன. அதற்கு முந்திய மேசைக்கணினிகள் பலவற்றில், இனி அணைக்கலாம் என்று திரை அறிவித்த பின் மனிதரே விசையைத் தட்ட வேண்டியிருந்தது.

திரையில் எழுத்து அகலாது நின்றால் தடை முதலிரண்டு படிகளில் இருக்கும். திரை இருண்டும் விசிறி சுழன்றால், பெரும்பாலும் மூன்றாம் படியில் இருக்கும். மின்னூட்டக் கம்பி செருகியிருக்கும்போது மின்னூட்ட விளக்கு எரிவது இயல்பே, அது குறையன்று.

இனிப் பரிகாரம் காண்போம். முதற்கண் சில நிமிடங்கள் பொறுத்திருத்தல் வேண்டும். புதுப்பித்தல் வேலை நடைபெறக் கூடும். பின்னர், அச்சுப்பொறி முதலிய வெளிக் கருவிகளைக் கழற்றிவிட்டு மறுமுறை அணைத்துப் பார்க்கலாம்.

விண்டோஸ் கணினியாயின் இன்னுமொரு காரணம் உண்டு. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்னும் ஏற்பாடு உள்ளது. மறுநாள் விரைந்து தொடங்கும்பொருட்டு, நினைவகத்தின் ஒரு பகுதியை வட்டில் சேமித்துவிட்டு அது அணைகிறது. சில கருவிகளுக்கு இது ஒத்துவருவதில்லை. ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்திக்கொண்டே ‘ஷட் டவுன்’ என்பதைத் தேர்ந்தால் முழுமையாக அணையும். அவ்வாறு செய்கையில் குறை தோன்றாதாயின், கண்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ பகுதிக்குச் சென்று அவ்வேற்பாட்டை நீக்கிவிடலாம். அதன் பின்னும் குறை தொடர்ந்தால், கருவியைச் செய்த நிறுவனம் வெளியிட்டுள்ள புதிய இயக்கிகளைப் பெற்று நிறுவுதல் வேண்டும்.

எதற்கும் இணங்காதபோது மட்டுமே மின்விசையைப் பத்து விநாடி அளவு விடாது அழுத்தி அணைக்கலாம். இதனை நாள்தோறும் வழக்கமாக்கிக்கொள்ளுதல், தறியில் நாடா ஓடுகையிலேயே பாவை அறுப்பதற்கு ஒப்பாகும். பதிவு முடியுமுன் மின்சாரம் நின்றால் கணக்குக் கோப்பு கெடலாம். ஒரு வாரக் கூலிப் பதிவு கெட்டால், உழைத்த குடும்பங்களின் ஊதியமன்றோ தடைப்படும்?

ஆதலின், கணக்கின் பிரதி ஒன்றை அன்றாடம் வேறிடத்தில் எடுத்து வைப்பதும், விளக்கும் விசிறியும் ஓய்ந்ததைக் கண்ட பின்னரே கருவியைப் பையிலிடுவதும் கணக்கர்களின் நீங்காத வழக்கமாதல் வேண்டும்.