கனடாவுல வீடு வாங்குறீங்களா? கிச்சனைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கூரையைப் பாருங்க!

கிச்சன் பளபளன்னு இருக்கா, பேக்யார்டு பெருசா இருக்கா, ஸ்கூல் பக்கத்துல இருக்கா... டொரன்டோவைச் சுற்றி ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் முதல் வீடு தேடும் நம்மவர்களின் செக்லிஸ்ட்டில் இதெல்லாம் இருக்கும். கூரை மட்டும் இருக்காது. ஆனால், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் 'கூரையின் ஆயுள் முடியப்போகிறது' என்று ஒரே ஒரு வரி வந்தால் போதும். அந்த ஒரு வரியின் விலை 10,000 கனடிய டாலரைத் தாண்டலாம். நம்ம ஊர்க் கணக்கில் பல லட்சம் ரூபாய்!

ஏன் இவ்வளவு? வாங்க, பிரிச்சுப் பார்ப்போம்.

கணக்கு எப்படிப் போடுறாங்க?

அங்கே பெரும்பாலான வீடுகளின் கூரை, மரச்சட்டத்தின் மேல் பலகை அடித்து, அதற்கு மேல் ஆஸ்பால்ட் ஷிங்கிள் ஒட்டியது. சுமார் 15 முதல் 25 வருஷம் தாங்கும். 100 சதுர அடியை ஒரு 'ஸ்கொயர்' என்பார்கள். ஒரு ஸ்கொயருக்குப் பொதுவாக மூன்று கட்டு ஷிங்கிள் வேண்டும்.

வீடு 30-க்கு 40 அடி என்றால் 1,200 சதுர அடிதானே என்று நினைக்காதீங்க. சுவரைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் ஓர் அடி கூரை நீண்டிருந்தால் 1,344. கூரை சாய்வாக வேறு இருக்கும். 12 அடிக்கு 6 அடி ஏறும் சாய்வு என்றால் பரப்பு 12 சதவிகிதம் கூடி, சுமார் 1,500 ஆகிவிடும். வெட்டிக் கழிப்பது 10 சதவிகிதம் சேர்த்தால் ஏறக்குறைய 50 கட்டு. இதற்கு மேல் ஆள் கூலி, ஒரு டன்னுக்கு மேல் வரும் பழைய ஷிங்கிளைப் பிரித்துக் குப்பைக்கு அனுப்பும் செலவு, 13 சதவிகித வரி. மெட்டல் கூரை வேண்டுமென்றால் பில் இரண்டு மடங்குக்கு மேல் போகும். ஆனால் ஆயுளும் அதிகம்.

அழகான பனிக்கூம்பு... ஆபத்தின் அறிகுறி!

கூரை ஓரத்தில் கண்ணாடி மாதிரி தொங்கும் பனிக்கூம்புகளை இன்ஸ்டாவில் பார்த்து லைக் போட்டிருப்பீங்க. வீட்டுக்காரருக்கு அது நல்ல சேதி இல்லை.

வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிறது. அந்தச் சூடு மேலே கசிந்து, கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்கைச் சூடாக்குகிறது. கூரை மேல் கிடக்கும் பனி உருகி வழிகிறது. ஓரத்துக்கு வந்ததும், அங்கே அடியில் சூடு இல்லாததால், மறுபடி உறைகிறது. நாளாக நாளாக அது ஓர் அணை மாதிரி ஆகிவிடும். பின்னால் வரும் தண்ணீர் போக வழியில்லாமல் ஷிங்கிளுக்கு அடியில் புகுந்து, பலகையை நனைத்து, சீலிங்கில் கறையாக இறங்கும்.

இதைத் தடுக்கத்தான் கூரை ஓரத்தில் ஷிங்கிளுக்கு அடியில் பசையுள்ள ஒரு நீர்காப்புத் தாள் ஒட்டுகிறார்கள். அது வெளிச்சுவரைத் தாண்டி, வீட்டுக்கு உட்பக்கமாகவும் ஓர் அடி வரை நீண்டிருக்க வேண்டும்.

இன்னொரு வில்லன், ஆவி. சாம்பார் கொதிக்கும் ஆவி, குளியல் ஆவி எல்லாம் அட்டிக்குக்குள் போனால் பலகையின் அடியில் உறைந்து, பிறகு உருகி, மரத்தை மக்க வைக்கும். பாத்ரூம் ஃபேனின் குழாய் அட்டிக்குக்குள் முடியாமல் வெளியே போகிறதா என்று கட்டாயம் பாருங்க.

மலிவான கொட்டேஷன் எங்கே கை வைக்கும்?

ஷிங்கிளின் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. குறைப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான். அதனால், குறைந்தது மூன்று கொட்டேஷன் வாங்கி இவற்றைக் கேளுங்க:

* பழைய ஷிங்கிளை முழுசா பிரிப்பீங்களா, இல்ல அது மேலேயே ஒட்டுவீங்களா?
* நீர்காப்புத் தாள் ஓரத்தில் எவ்வளவு அகலம்? கூரை மடிப்புகளிலும் போடுவீங்களா?
* பலகை மக்கியிருந்தால் ஒரு ஷீட்டுக்கு எவ்வளவு?
* அட்டிக்கின் காற்றோட்டத்தைச் சரிபார்ப்பீங்களா?
* மேலே ஏறும் ஆட்களுக்கு விபத்துக் காப்பீடு இருக்கா?

பதில்கள் எல்லாம் எழுத்தில் வேண்டும். ஒப்பந்தத்தில் எஸ்டிமேட் தொகை எழுதியிருந்தால், நீங்கள் புதிதாக வேலை எதுவும் சேர்க்காதவரை, ஒன்டாரியோ சட்டப்படி அதற்கு மேல் 10 சதவிகிதத்தைத் தாண்டி வசூலிக்க முடியாது. வீட்டு வாசலில் வந்து பேசி கையெழுத்து வாங்கிவிட்டார்களா? யோசித்துப் பார்த்து ரத்து செய்ய 10 நாள் அவகாசம் உண்டு.

எப்போ மாத்தலாம்?

ஷிங்கிள்கள் வெயில் சூட்டில்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடுங்குளிரில் வளைத்தால் உடையும். கையால் பசை தடவியும் ஒட்ட வேண்டிவரும். எனவே, வசந்தத்தின் கடைசியிலிருந்து இலையுதிர்காலத் தொடக்கம் வரை நல்ல நேரம். ஜனவரியில் ஒழுக ஆரம்பித்த பிறகு ஆள் தேடினால் பேரம் பேசும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீங்க. தேய்ந்துபோன கூரையை மாற்ற இன்ஷூரன்ஸும் பணம் தராது.

வீடு பார்க்கப் போறீங்களா? பனி விழுந்த மறுநாள் போங்க. தெருவில் எல்லாக் கூரையும் வெள்ளையா இருக்க, நீங்கள் பார்க்கும் வீட்டுக் கூரையில் மட்டும் பனி உருகியிருந்தால், சூடு அந்த வழியாகத்தான் கசிகிறது என்று அர்த்தம். ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. விலை பேசும்போது கைகொடுக்கும்!