மருத்துவச் சான்றும் அதனை உரைக்கும் முறையும்

ஆராய்ச்சியாளர் பல்லாண்டு முயன்று கண்ட உண்மை, அதனை எடுத்துரைப்போரின் சொல்லால் விளங்கவும் கூடும், மயங்கவும் கூடும். மற்றைத் துறைகளில் இம்மயக்கம் அறிவுக்கு இழுக்காவதோடு அமையும். மருத்துவத்திலோ அஃது உடலையும் உயிரையும் தொடுவதாகும். ஒரு மருந்தை உட்கொள்வதா, விடுவதா என்று துணிபவர் பெரும்பாலும் ஆராய்ச்சி ஏட்டைப் படித்துத் துணிவதில்லை. வைத்தியர் கூறிய ஒரு வாக்கியத்தையோ, பத்திரிகை வெளியிட்ட ஒரு தலைப்பையோ கொண்டே துணிகின்றனர். ஆதலின் அவ்வாக்கியம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை ஆராய்தல் தகும்.

பின்லாந்து நாட்டிலே ஹெல்சிங்கி இதய ஆய்வு என்னும் பெயரால் ஒரு பரிசோதனை நடைபெற்றது. அதன் முடிவு 1987ஆம் ஆண்டு வெளியாயிற்று. இரத்தத்திற் கொலஸ்திரோல் மிகுந்தவரும், இதயநோயின் அறிகுறி இல்லாதவருமான நடுவயது ஆடவர் 4,081 பேர், குலுக்கிப் பிரிக்கும் முறையால் இரு கூறாக்கப்பட்டனர். ஒரு கூறினர்க்கு ஜெம்பைப்ரோசில் என்னும் மருந்தும், மற்றக் கூறினர்க்கு மருந்துச் சத்தில்லாப் போலி மருந்தும் கொடுக்கப்பட்டன. ஐந்தாண்டுகளிற் போலி மருந்து பெற்றோருள் ஆயிரத்துக்கு 41 பேர் மாரடைப்பு முதலியவற்றுக்கு இலக்காயினர். மெய்ம்மருந்து பெற்றோருள் ஆயிரத்துக்கு 27 பேரே இலக்காயினர்.

இம்முடிவை மூவகையாக உரைக்கலாம். மருந்து நோயை நூற்றுக்கு 34 வீதம் குறைத்தது என்பது ஒருவகை. நோயுற்றோர் தொகை ஆயிரத்துக்கு 14 குறைந்தது என்பது மற்றொரு வகை. ஏறக்குறைய 71 பேர் ஐந்தாண்டு மருந்துண்டால் அவருள் ஒருவர் நோயினின்றும் தப்புவர் என்பது மூன்றாவது வகை. மூன்றும் மெய்யே. ஆயினும் முதலாவதை மட்டும் கேட்டவர், மருந்துண்ணும் மூவருள் ஒருவர்க்குப் பயன் உண்டு என எண்ணுதல் இயல்பு. 34 வீதம் என்பது நோயுறவிருந்த 41 பேரிற் குறைந்த பங்கேயன்றி, மருந்துண்ட ஆயிரம் பேரிற் குறைந்த பங்கன்று. எதன் வீதம் என்று கேளாது கணக்குச் செய்யும் மாணவனுக்கு நேரும் மயக்கமும் இதுவே.

இம்மயக்கம் கல்லாதார்க்கே உரியது என்று கருதலாகாது. டொராண்டோ நகர மருத்துவர்களிடம் இதே பரிசோதனையின் முடிவை வெவ்வேறு வடிவிற் கொடுத்து, மருந்தின் பயனை மதிப்பிடுமாறு கேட்ட ஆய்வொன்று 1992இல் வெளியாயிற்று. வீதக் குறைவை மட்டும் கண்டோர் மருந்தை உயர்வாக மதித்தனர். எத்தனை பேர் உண்டால் ஒருவர் தப்புவர் என்ற கணக்கைக் கண்டோர் அதனைக் குறைவாகவே மதித்தனர். சான்று ஒன்றே, சொல்லே வேறு.

நன்மையைப் பெரிதாக்கும் இம்முறை, தீமையையும் பெரிதாக்க வல்லது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபரில் பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு, புதுவகைக் கருத்தடைக் குளிசைகள் இரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்தை இருமடங்காக்கும் என்று எச்சரித்தது. பெண்கள் பலர் அஞ்சிக் குளிசையைக் கைவிட்டனர். இருமடங்கு என்பதன் பொருள் யாது? பழைய வகையை உண்போருள் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 7,000 பேருக்கு ஒருவராக இருந்த தொகை, புதிய வகையில் இருவராயிற்று என்பதே. அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறக்குறைய 13,000 கருக்கலைப்புகள் மேலதிகமாக நிகழ்ந்தன என மதிப்பிடப்பட்டது. கருவுறுதலோ அக்குளிசையினும் மிகுதியாக இரத்தக்கட்டி ஆபத்தை விளைப்பது. அஞ்சியவர் பலர், தாம் அஞ்சியதினும் பெரிய ஆபத்தையே சென்றடைந்தனர்.

இதனால், மடங்கும் வீதமும் பொய் என்றோ, அவற்றை விலக்க வேண்டும் என்றோ கொள்ளற்க. 7,000 பேருக்கு ஒருவர் என்பது தனியொருவர்க்குச் சிறிதாயினும், பல இலட்சம் பேரைக் காக்கும் அரசுக்குச் சிறிதன்று. எச்சரித்தல் கடமையே. எண்ணிக்கையை மறைத்து எச்சரித்ததே குறை.

ஆகவே மருத்துவச் சான்றை எடுத்துரைப்போர், எத்தனை பேருள் எத்தனை பேர், எவ்வளவு காலத்தில் என்பவற்றை முதலிற் கூறுதல் வேண்டும். மருந்தின்றி நேர்வதையும் மருந்தோடு நேர்வதையும் ஒரே அடித்தொகை கொண்டு அருகருகே வைத்தல் வேண்டும். நன்மையை வீதத்தாலும் தீமையை எண்ணாலும் உரைத்தல் நடுநிலையாகாது. எதனை எண்ணினர் என்பதையும் சொல்லுதல் வேண்டும். ஹெல்சிங்கி ஆய்விலே இதயநோய் குறைந்ததாயினும், மொத்த மரணத் தொகையில் இரு கூறினர்க்கும் வேறுபாடு காணப்படவில்லை.

ஹெல்சிங்கி முடிவை இவ்வாறு கூறினால் யார்க்கும் விளங்கும்: இத்தகைய ஆடவர் ஆயிரம் பேர் ஐந்தாண்டு மருந்துண்டால், 959 பேர் உண்ணாதிருப்பினும் நோயுறார், 27 பேர் உண்டும் நோயுறுவர், 14 பேர் மருந்தினால் தப்புவர். அந்தப் பதினால்வருக்காக ஆயிரவரும் மருந்துண்பதா என்பதை நோயாளரும் வைத்தியரும் கூடித் துணிதல் வேண்டும். அத்துணிவை அவர்க்கு விட்டு, அதற்கு வேண்டிய எண்களை மறையாது கொடுத்தலே எடுத்துரைப்போர் கடனாகும். இவ்வெண்களை விளங்கிக்கொள்வதற்கு ஐந்தாம் வகுப்புக் கணிதத்துக்கு மேற்பட்ட கல்வி வேண்டியதில்லை.