ஆய்வுகூடமும் தன்னியக்கப் பொறியும்

மருத்துவ ஆய்வுகூடத்திற் பொறி வந்தால் ஆள் வேண்டா என்பர் சிலர். இக்கூற்றை ஆராய்வாம்.

முன்னர் நுணுக்குக்காட்டியிற் கண்பதித்து மனிதரே எண்ணிய குருதிக் கலங்களை, அமெரிக்கரான வாலஸ் கூல்டர் 1953 இல் காப்புரிமை பெற்ற முறையாற் பொறி எண்ணலாயிற்று. நுண்டுளையூடாக ஒவ்வொரு கலமுஞ் செல்லுந்தோறும் மின்தடை மாறும், அம்மாற்றமே எண்ணிக்கையாகும்.

2017 இல் இலங்கையில் டெங்கு நோயாளர் 186,000 பேருக்கு மேற் பதிவாயினர்; மாவட்டங்களுட் கொழும்பிலேயே மிகுதி. அத்துணைப் பேரின் குருதிச் சிறுதட்டுக்களையுங் கையால் எண்ணுதல் எளிதோ?

ஆயினும், சிறுதட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டாற் பொறி குறைத்துக் கூறும். அப்பொழுது தேர்ந்த தொழினுட்பவியலாளர் குருதிப் படலத்தை நோக்கியே உண்மை தெளிவர். பிழைபட்ட ஓர் எண் சிகிச்சையையே பிறழச் செய்யும். ஆகவே, எண்ணுங் கைகள் குறையினும், ஐயுற்று நோக்குங் கண்கள் குறைதலாகாது.